இருபது அங்குல உயரத்தில் ஒரு கார்

காஸ் பியெட்ராக் முப்பத்தொரு வருடம் கார்களுக்குக் கதவு மாட்டியவர். ஷிப்டுக்கு நானூறு என்று வைத்தாலும் மொத்தம் முப்பது லட்சம் கதவை நெருங்கும் என்று, ஓய்வு பெற்ற அன்று விருந்து மேசையில் கிடந்த காகிதக் கைக்குட்டை ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனைவி லொரெய்ன் அதை எட்டிப் பார்த்தாள்.

"அத்தனை கதவு மாட்டின ஆளுக்கு நம்ம வீட்டுக் கொல்லைக் கதவு கிறீச்சிடுறது மட்டும் காதுல விழாது" என்று சொல்லி, அதே காகிதத்தில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

லொரெய்ன் நாலடி பத்து அங்குலம். மிச்சிகனின் பிராட்டன் ஊரில் பள்ளிக்கூட மஞ்சள் பஸ்ஸை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள். ஸ்டியரிங்குக்கு மேலே அவள் தலைமயிர் மட்டும்தான் தெரியும். பஸ் தானாகவே ஓடுகிறது என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பயந்ததுண்டு. போன கோடையில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அதற்குப் பிறகு வலது காலை ஓரளவுக்கு மேல் தூக்க வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்திலேயே அவளுடைய பழைய சின்னக் காரும் போய்ச் சேர்ந்தது. காஸ் வேலை செய்த தொழிற்சாலையில், காஸ் மாட்டிய கதவோடு வந்த கார் அது. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு அதன் அடித்தரையைத் தின்றுவிட்டது. கடைசி நாட்களில் காலுக்குக் கீழே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். மிஞ்சியது காஸுடைய பிக்கப் லாரி. அதில் ஏற லொரெய்னுக்கு ஓர் ஏணி வேண்டும்.

காஸ் ஏணி செய்யவில்லை, படி செய்தார். நல்ல ஓக் மரம், இரண்டு தட்டு, வழுக்காமலிருக்க மேலே ரப்பர். லொரெய்ன் ஏறியதும் படியை எடுத்துப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும், போன இடத்தில் எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில் அவளை ஏற்றிவிட்டு, ஃபாதரோடு கால்பந்து பேசிக்கொண்டே படியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

"நான் தூக்கி இறக்கிடுறேன்" என்றார்.

"நீயா? உன் முழங்காலோடயா? அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?" என்றாள் லொரெய்ன்.

அவர் திரும்பக் கோயிலுக்குப் போக லாரி வேண்டும். லாரியில் அவள் இருக்கிறாள். ஆகவே அவளையும் வைத்துக்கொண்டே ஆறு மைல் போய், படியை எடுத்துக்கொண்டு ஆறு மைல் திரும்பி வந்தார். வழி நெடுக லொரெய்ன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் காஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்கு வரவில்லை, சளி என்றாள். தவக்காலம் வந்தது; ஈஸ்டருக்கு முந்தைய அந்த ஆறு வாரமும் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் தொழிற்சங்கக் கட்டடத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். நாற்பது வருடமாக இருவரும் தவறவிட்டதில்லை. முதல் வெள்ளி காஸ் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, லொரெய்ன் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்:

"நீ போயிட்டு வா. எனக்கு மீன் அவ்வளவா பிடிக்காது."

காஸ் தனியாகப் போய் மீன் தின்றார். அவளை இப்படி ஒரு பொய்யைச் சொல்ல வைத்தவன் என்று மீனே தன்னை முறைப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலை, அளவு நாடாவை எடுத்துச் சமையலறை நாற்காலியை அளந்தார். லொரெய்ன் யார் கையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுகிற ஒரே இடம் அதுதான். மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து இருபது அங்குலம். அந்த உயரத்தில் இருக்கை உள்ள ஒரு காரை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். நம்ம கம்பெனிக் கார்தான், அதில் சந்தேகமே இல்லை. வேறு கார் வாங்குவது பற்றி யோசிக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

ஆனால் நம்ம கம்பெனி விற்பனைக் கூடத்தில் கார் என்று ஒன்றுமே இல்லை. லாரி இருந்தது, லாரிக்குத் தம்பி இருந்தது, தம்பிக்குக் கொஞ்சம் குள்ளமான சித்தப்பா மகன் இருந்தது. காஸ் ஒவ்வொன்றின் கதவையும் திறந்து, குனிந்து, நாடாவை நீட்டினார். முப்பத்தாறு. முப்பத்திரண்டு. ஆகக் குள்ளமானது இருபத்தெட்டு.

"சின்னக் கார் எங்கப்பா?" என்று விற்பனைக்காரனைக் கேட்டார்.

"அதையெல்லாம் நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு சார். இப்ப எல்லாரும் உயரமாத்தான் கேக்குறாங்க. இதுக்கு அழகா ஒரு படி மாட்டித் தரலாம்" என்றான் அவன்.

படி என்ற சொல்லைக் கேட்டதும் காஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த இரண்டு உள்நாட்டுக் கம்பெனிகளிலும் இதே கதை. பழைய கார் இரண்டைப் பார்த்தார். ஒன்றின் அடியில் துரு. இன்னொன்றில் துருவுக்கு மேல் புதுப் பெயிண்ட்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜப்பான் கம்பெனி விற்பனைக் கூடத்துக்குப் போனார். நேராகப் போய்விடவில்லை. லாரியை டோனட் கடைக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு டோனட் வாங்கித் தின்று, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலி ஓரமாக நடந்து போனார். தொப்பியில் சங்கத்தின் பெயரும் கிளை எண்ணும் இரண்டு அங்குல எழுத்தில் இருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வெளியே வந்தவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். பெயர் நாடீன் ஹத்தாத். தொப்பியைப் படித்தாள்.

"எங்கப்பாவும் அங்கதான் சார். சீட் தைக்கிற பிரிவு, ரெண்டாவது ஷிப்ட். நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப ஆறு மாசம் என்னோட பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா அவரோட பேசுறத நிறுத்தினாங்க. ஒரு வாரத்துல சரியாயிட்டாரு."

காஸ் சிரிக்கக் கூடாது என்று இருந்தார், முடியவில்லை. ஒரு சாம்பல் நிறச் சின்னக் காரின் கதவைத் திறந்து நாடாவை நீட்டினார். இருபது அங்குலம். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். இருபதேதான். பிறகு கதவைச் சாத்தி, இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்த்தார். எங்கேயும் அகலவில்லை, எங்கேயும் ஒடுங்கவில்லை. அந்தக் கதவை மாட்டியவன் யாராயிருந்தாலும் வேலை தெரிந்தவன். காஸுக்கு ஆத்திரமாக வந்தது.

முன் கண்ணாடியின் கீழ் மூலையில் சேஸி நம்பர் இருந்தது. குனிந்து முதல் இலக்கத்தைப் பார்த்தார். ஒன்று. அமெரிக்காவிலேயே செய்த வண்டி.

"இண்டியானாவுல செஞ்சது" என்றாள் நாடீன்.

காஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முன்பு பார்த்த நம்ம கம்பெனி சித்தப்பா மகனின் நம்பர் மூன்றில் ஆரம்பித்தது. அது மெக்சிகோவில் செய்தது. இதைவிட நல்ல வாதம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்து, அதைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு டெல்மரிடம் போனார்.

டெல்மர் ஹாஸ்கின்ஸ் கதவு வரிசையில் அவருக்கு அடுத்த ஆள். காஸ் இடப்பக்கக் கதவு, டெல்மர் வலப்பக்கக் கதவு. முப்பத்தி நாலு வருடமாக வெள்ளிக்கிழமை சீட்டாட்டத்தில் இருவரும் ஜோடி. சங்கக் கட்டடத்து வண்டி நிறுத்துமிடத்துக்கும் டெல்மர்தான் பொறுப்பு. அங்கே ஒரு பலகை உண்டு: 'வெளிநாட்டு வண்டிகள் தண்டவாளத்துக்கு அப்பால் நிறுத்தவும்.' எண்பதுகளில், ஜப்பான் கார்களால் விற்பனை சரிந்து ஆயிரம் பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் எழுதியது. எழுதியவர் காஸ்; தூரிகையைப் பிடித்த கை அவருடையது, வாளியைப் பிடித்த கை டெல்மருடையது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு சரளைக்கல் திடல், அங்கிருந்து வாசலுக்கு முந்நூறு அடி.

டெல்மர் தன் வீட்டு வாசலில் பனி அள்ளும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காஸ் சேஸி நம்பரில் ஆரம்பித்து மெக்சிகோவில் முடித்தார்.

"முடிச்சிட்டியா?" என்றார் டெல்மர்.

"முடிச்சிட்டேன்."

"இண்டியானா ஃபாக்டரியில சங்கம் இருக்கா?"

காஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்காடா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப அது இண்டியானாவுல இருந்தா என்ன, உன் வீட்டுக் கொல்லையில இருந்தா என்ன? முப்பது லட்சம் கதவு மாட்டின கை, போயும் போயும் அந்தக் கதவையா திறக்கணும்?"

"லொரெய்னால லாரியில ஏற முடியலடா."

டெல்மர் துணியை மடித்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பலகைன்னா பலகை. போன வருஷம் ஃபாதரோட காரையே அந்தப் பக்கம் அனுப்பினேன். உனக்கு மட்டும் விட்டா, நாளைக்கு என்னை எவன் மதிப்பான்? இன்னொண்ணும் சொல்லிடுறேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வர்றவனோட நான் ஜோடி சேந்து ஆடமாட்டேன்."

வீடு திரும்புகிற வழியில் காஸ் கவலைப்பட்டது சீட்டாட்டத்துக்காக அல்ல. அதற்காகவும்தான், ஆனால் முதலில் அதற்காக அல்ல. அந்தக் காரை வாங்கினால் லொரெய்ன் அதில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு சரளைக்கல்லில் முந்நூறு அடி நடக்க வேண்டும். வாங்காவிட்டால் வீட்டு வாசலையே தாண்டமாட்டாள். நாற்பது வருடத்துக்கு முன் பெயிண்டும் தூரிகையும் வாங்கிய கடை அன்றைக்கு மூடியிருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவளைப் படி வைத்து லாரியில் ஏற்றி, எங்கே என்று சொல்லாமல் நாடீனிடம் கூட்டிப் போனார். இந்த முறை படியைக் கயிறு போட்டு லாரியிலேயே கட்டியிருந்தார். சாம்பல் நிறக் கார் தயாராக நின்றது. காஸ் ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். விருந்துக்கு வந்த ராணிக்குத் திறந்த மாதிரி.

"உக்காந்து பாரு. இருபது அங்குலம். நம்ம சமையலறை நாற்காலி மாதிரியே இருக்கும்."

லொரெய்ன் திறந்த கதவைப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றி, முன்பக்கமாக வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் தானே திறந்தாள். முதலில் உட்கார்ந்தாள், பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே சுழற்றினாள். யாரும் கை கொடுக்கவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள்.

வலப்பக்கத்துக் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்த காஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு மாசமா ஊரெல்லாம் அளந்தியே, காஸ். ஏன் அந்தப் பக்கத்தையே அளந்துக்கிட்டு இருந்த?"

காஸ் கதவிலிருந்து கையை எடுத்தார். இருபத்திரண்டு வருடம், பனியிலும் மழையிலும் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளை எங்கே உட்கார வைப்பது என்றே இத்தனை நாளும் யோசித்திருக்கிறார். அவள் எங்கே போக விரும்புவாள் என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. நாடீன் கையிலிருந்த காகிதங்களை மிகுந்த அக்கறையோடு அடுக்க ஆரம்பித்தாள்.

"இந்தப் பக்கமும் இருபதுதான்னு நினைக்கிறேன்" என்றார் காஸ் கடைசியில்.

"ஏறு. ஓட்டிப் பாப்போம்" என்றாள் லொரெய்ன்.

முன்னால் நாடீன் உட்கார்ந்துகொண்டதால் காஸ் பின்னால் ஏறினார். முழங்கால் மோவாயில் இடித்தது. ஊரைச் சுற்றி வந்த அரை மணி நேரமும் அவர் எதுவும் குறை சொல்லவில்லை. அது அவர் வாழ்க்கையிலேயே ஒரு சாதனை. அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்கள். காரை லொரெய்ன் பெயரில் எழுதினார்கள்.

மறுநாள் வெள்ளி. ஐந்து மணிக்கு லொரெய்ன் கோட்டை மாட்டிக்கொண்டு, சாவியோடு, அவருக்கு முன்னால் வாசலில் நின்றாள். காஸுக்குத்தான் கால் ஓடவில்லை.

"லொரெய்ன், அந்தப் பலகை விஷயம் உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? நீ எழுதின அன்னிக்கு உன் சட்டையில ஒட்டின பெயிண்ட நான்தானே தேய்ச்சேன். வா."

சங்கக் கட்டடத்து வாசலில் டெல்மர் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு நின்றார். சாம்பல் நிறக் கார் திரும்பி வருவதைக் கண்டதும் கையை உயர்த்தினார். காஸுக்கென்று அவர் ஏதோ தயார் செய்து வைத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே, ஸ்டியரிங்குக்குப் பின்னால், லொரெய்னின் தலைமயிரும் மூக்குக் கண்ணாடியும்.

"எங்க நிறுத்தணும், டெல்மர்?"

தயார் செய்தது எல்லாம் டெல்மருக்கு மறந்துவிட்டது. "அது... தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், லொரெய்ன். ஆனா உனக்கு நடக்கக் கஷ்டம்னா, வாசல்கிட்டயே ஒரு நிமிஷம்..."

"வேணாம். எல்லாருக்கும் ஒண்ணுன்னா எனக்கும் ஒண்ணுதான். உன் சின்னப் பையன் பஸ்ல சூயிங்கத்த ஒட்டினப்ப நானும் அப்படித்தான சொன்னேன்?" பிறகு பக்கத்தில் திரும்பினாள். "காஸ், நீ இங்கயே இறங்கிக்க. உனக்கு முழங்கால் சரியில்ல."

காஸ் இறங்கினார். மீன் வாசனை வந்தது. ஜன்னல் ஓரத்தில் தட்டும் கையுமாக ஐந்தாறு முகங்கள் தெரிந்தன. சாம்பல் நிறக் கார் தண்டவாளம் வரைக்கும் போய், அங்கே நின்றது.

"ஏன் நின்னுட்டா? பழுதா?" என்றார் டெல்மர். குரலில் ஓர் ஆசை இருந்தது.

பழுது இல்லை. இரண்டு பக்கத்துக் கண்ணாடியும் இறங்கின. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் தண்டவாளத்தைக் கண்டால் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். பத்து வருடமாக அந்தத் தண்டவாளத்தில் ரயில் வரவில்லை. புல்தான் முளைத்திருக்கிறது. லொரெய்ன் இடப்பக்கம் கேட்டாள், வலப்பக்கம் கேட்டாள், பிறகு மெதுவாகக் கடந்தாள். திடலில் ஃபாதரின் காருக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தினாள். இறங்கினாள். கைத்தடியோடு நடந்து வரத் தொடங்கினாள்.

"அவளால இவ்வளவு தூரம் நடக்க முடியுமாடா?" என்றார் டெல்மர்.

"நடக்கிறது பிரச்சினையே இல்லையாம். டாக்டர் தினமும் ஒரு மைல் நடக்கச் சொல்லியிருக்காராம். ஏறுறதுதான் முடியலையாம். வர்ற வழியிலதான் எனக்கே சொன்னா."

"நாப்பத்தாறு வருஷக் கல்யாணம்."

"ஆமா."

"இன்னிக்கு வர்ற வழியில."

"போதும்டா."

டெல்மர் தண்டவாளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். கை கொடுக்கப் போகிறார் என்று காஸ் நினைத்தார். அதெல்லாம் இல்லை. பாதி வழியில் போய் அவளோடு சேர்ந்துகொண்டு, அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து, ஏதோ பேசிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் பற்றி என்று காஸ் கேட்கவில்லை.

உள்ளே நாலு மாதக் கதையையும் லொரெய்னிடம் ஒப்பிக்க மேசைக்கு மேசை ஆள் இருந்தது. காஸ் இரண்டு தட்டு மீன் கொண்டுவந்தார். இரண்டாவது தட்டு அவருக்கு என்று நினைத்திருந்தார், அதுவும் லொரெய்னுக்கே போயிற்று. ஆறு மணிக்குத் தட்டுகளை எடுத்துவிட்டுச் சீட்டுக்கு மேசை போட்டார்கள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. காஸ் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

டெல்மர் வந்து அதில் உட்கார்ந்தார்; மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்காக உக்காரலை. நான் ஆடுறது லொரெய்ன் புருஷனோட. கார் அவ பேர்லயாமே? உங்கிட்ட இருக்கிறது நம்ம கம்பெனி லாரி மட்டும்தான்."

"ஆமா, லாரி மட்டும்தான்" என்றார் காஸ், மிகவும் பணிவாக.

முதல் ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கும்போது லொரெய்ன் கோட்டோடு வந்து நின்றாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம்.

"நான் கொஞ்சம் போயிட்டு வரேன். ஏழரைக்கு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?" என்று கேட்டார் காஸ், பாதி எழுந்து.

"தெரியல" என்றாள் லொரெய்ன். "போனாத்தான் தெரியும்."

காஸ் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக அவள் சரளைக்கல்லில் நடந்து போவதும், ஏறுவதும், தண்டவாளத்தில் நின்று கேட்டுவிட்டுக் கடப்பதும் தெரிந்தன. பெரிய சாலைக்கு வந்ததும் கார் திரும்பும் விளக்கைப் போட்டது. இடப்பக்கம் திரும்பினால் வீடு. வலப்பக்கம் ஆற்றோரச் சாலை. அது ஏரி வரைக்கும் போகிறது. கார் வலப்பக்கம் திரும்பியது.

"எங்கடா போறா?" என்றார் டெல்மர்.

"அவளுக்கே தெரியலையாம்" என்றார் காஸ். "நீ சீட்டைப் போடு."